பதினோரு பஞ்சருக்குப் பதினோரு போன்

வாங்க சார்வாள், அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆடும், ஆனா கீழ தள்ளாது. கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள்ல போறேன், முன்னால ரெண்டு பை, பின்னால ரெண்டு பை, வழில தார் ரோடும் வரும், ஜல்லியும் வரும், தேரி மணலும் வரும், இதுக்கு என்ன டயர் போடலாம்னு லூர்தண்ணன்ட்ட கேட்டீய. அவரு என் பக்கம் கைய காட்டிட்டுக் குனிஞ்சுக்கிட்டாரு. தப்பா எடுத்துக்கிடாதீய. கோவில்பட்டியிலேயே அவர மாதிரி மெக்கானிக்கு கெடையாது. வாய்தான் கெடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேசுவாரு, அதுல எட்டு 'நாளைக்கு வாங்க'ன்னே போயிரும்.

எனக்கு அந்தக் கொற இல்ல. சண்முகக்கனி சவுண்டு சர்வீஸ்னு கேட்டுப் பாருங்க. கோயில் கொடை, கல்யாணம், கச்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் மைக் நம்மளுது. மைக்குல பேசுத கொரலும் நம்மளுது. யாரு மாதிரி வேணும்னு சொல்லுங்க, பேசிக் காட்டுதேன்.

இப்ப நீங்க மனசுக்குள்ள நெனைக்கத உங்க கொரல்லயே சொல்லட்டா? 'ஒரு நம்பரச் சொல்லுவான், குறிச்சுக்கிட்டுக் கெளம்பிரலாம்.' சரியா? சிரிக்கீய. இன்னொண்ணும் நெனைக்கீய. 'இந்த வயசுல சைக்கிள் ஓட்டுத ஆளு, பயணம் மனுசன மாத்தும், ரோடுதான் வாத்தியாருன்னு எதையாவது அவுத்து விடுவான்.' மாத்தாது சார்வாள். எட்டு வருசம் போயிருக்கேன். போவும்போது எப்படியோ திரும்பும்போதும் அப்படித்தான். பின்பக்கம் மட்டும் கூடுதலா வலிக்கும்.

நான் சொல்லப் போறது ரெண்டும் இல்ல. ஒரு மனுசன டயர வச்சே எப்படிச் சாச்சேன்ங்கிறது. ஆங், இப்ப ஸ்டூல இழுத்துப் போடுதீய பாத்தீயளா.

நேரம் இருக்கு. நாலு மணிக்கு இங்கன ஒரு குட்டியானை வரும், அந்தச் சின்ன லோடு வண்டி. அதுல ஒரு சைக்கிளும் ஒரு பிசிக்ஸ் வாத்தியாரும் வாறாங்க. சைக்கிளுக்கு முன் வளையம் அப்பளமாட்டம் நெளிஞ்சிருக்கு. வாத்தியாருக்கு எடது கையில மாவுக்கட்டு. பேரு தவமணி. எனக்கு சகல. என் வீட்டம்மாவோட அக்காவக் கட்டுனவரு. அவரு வண்டிய விட்டு எறங்கி ஒரு கால கீழ ஊண்டுனதும் நான் ஒரு வார்த்த சொல்லணும். ஒரு வருசமா வாயில ஊறப் போட்டு வச்சிருக்கேன். அதுக்குத்தான் மத்தியானம் சாப்பிட்ட கையோட வந்து இங்கன குத்த வச்சிருக்கேன்.

சகலன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மாமியார் வீட்டுல ஒரே பந்தியில ரெண்டு எலை. ஒரு எலையில வடை ரெண்டு, அடுத்த எலையில ஒண்ணு. அந்த ஒத்த வட நான். அவரு கவர்மெண்டுல பிளஸ் டூ எடுக்காரு, நான் கோயில் மரத்துல ஏறி மைக்செட்டுக் குழாய் கட்டுதேன். மாமியாருக்கு அவரு 'சாரு', நான் 'இவரு'. 'சாருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து. இவரு போதும்பாரு.' நான் எப்பம்மா போதும்னேன்?

சரி, போவட்டும். சைக்கிள்ல மட்டும் நான் அவருக்கு மேல. அந்த ஒரு எடத்துல மட்டும். அது செட்டுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அத நல்லா ஞாவகம் வச்சுக்கிடுங்க.

எங்க செட்டுல அஞ்சு பேரு. பொங்கல் முடிஞ்ச மறுநாளு வருசா வருசம் கெளம்பிருவோம். விளாத்திகுளம், வேம்பாரு, அங்கன இருந்து கடக்கரையப் பிடிச்சுத் தெக்க எறங்குனா திருச்செந்தூரு, தேரிக்காடு, மணப்பாடு, உவரி, குமரி. கூட வண்டி கெடையாது. அரிசி, அடுப்பு, சட்டி, கூடாரம் எல்லாத்தையும் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு அவனவன் சைக்கிள்ல அவனவன் சொமக்கணும். இன்னொரு சட்டம் உண்டு. எவன் சைக்கிள் பஞ்சர் ஆவுதோ, அன்னைக்கு அஞ்சு பேரு சாப்பிட்ட பாத்திரத்தையும் அவன்தான் கழுவணும். அந்தச் சட்டத்தக் கொண்டு வந்தது யாருன்னு நெனைக்கீய? நான்தான். ஏன்னா எனக்குப் பஞ்சர் ஆவாது. ஏழு வருசம் ஒரு கரண்டிய நான் தொட்டதில்ல.

அடுத்தவனுக்கு டியூப் மாத்திக் குடுத்தே எனக்குக் கை பழகிப் போச்சு. ஏழு நிமிசம். டயர ஒரு பக்கம் மட்டும் நெம்பு, பழைய டியூப உருவு, புது டியூபத் திணி, காத்தடி, கெளம்பு. சகலைக்கு முக்கா மணி நேரம் ஆவும். அவரு எப்படின்னா, இருங்க, நடிச்சுத்தான் காட்டணும். கண்ணாடியக் கழத்துவாரு. வேட்டி நுனியில தொடைப்பாரு. மாட்டுவாரு. 'சகல, காரணத்தக் கண்டுபிடிக்காம விளைவ மட்டும் சரி செய்யக் கூடாது.' அப்புறம் பையில இருந்து ஒரு பஞ்சு உருண்டைய எடுத்துக்கிட்டு, டயர முழுசாக் கழத்தி, உள்ள கைய விட்டு, மாட்டுக்குச் சினை பாக்க டாக்டராட்டம் தடவுவாரு, தடவுவாரு, தடவிக்கிட்டே இருப்பாரு. நாங்க புளியமரத்தடில ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா அப்பவும் தடவிக்கிட்டிருப்பாரு. லூர்தண்ணே, சிரிப்பு வரலையா? அண்ணனுக்கு வராது.

போன வருசந்தான் வென. அஞ்சு பேருக்கும் புது டயர் வாங்கணும். நான் பட்டன் டயர்னு நின்னேன். கட்டக் கட்டையா, டிராக்டராட்டம், தேரியில ஏறுனா மணலு பயந்து ஒதுங்கணும். சகல கண்ணாடியக் கழத்திட்டாரு. 'நல்ல ரோட்ட நெனச்சு டயர் வாங்குனா கெட்ட ரோட்டுல அழுவோம். ரொம்பக் கெட்ட ரோட்ட நெனச்சு வாங்குனா மிச்ச ரோடு பூராம் அழுவோம் சகல. நம்ம ரோடு பாதி தாரு, கா பங்கு ஜல்லி, கா பங்கு மணலு. அதனால நாப்பது மில்லி அகலம். நடுவுல வழுவழுப்பு, ஓரத்துல மட்டும் பட்டன். பாரம் பின்னால இருக்கு, அதனால பின் டயருக்குக் காத்து கூட, முன்னதுக்குக் கொஞ்சம் கொறைய. மணல் வந்ததும் எறங்கி ரெண்டுலயும் காத்த எறக்கணும். தார் வந்ததும் ஏத்தணும். அதுக்குச் சோம்பல்பட்டா எந்த டயரும் உதவாது.'

குறிச்சுக்கிடுங்க சார்வாள். நீங்க கேக்க வந்தது அதான். அந்தாளு சொன்னது அத்தனையும் சரி. அதான் எனக்கு ஆவ மாட்டேங்கு.

நாலு கை அவரு பக்கம் ஒசந்துச்சு. பத்து டயரு, இந்தா இந்தத் தரையிலதான் வரிசையா கெடந்துச்சு. ஆளுக்கு ரெண்டு. எடுத்துக் குடுத்தது யாரு? சகல. இத மறந்துராதீய.

விளாத்திகுளம் தாண்டி கரிசக்காட்டுப் பாதையில போறோம். ரெண்டு பக்கமும் முள்ளு முள்ளா ஒடமரம். என் பின் டயரு உஸ்ஸுன்னுச்சு. நான் ஏழே நிமிசத்துல மாத்துனேன். ஒரு மூணு கிலோமீட்டரு. உஸ்ஸு. மறுபடி ஏழு நிமிசம். சாயங்காலத்துக்குள்ள மூணு பஞ்சர். மறுநாளு நாலு. ஒட்டுன டியூபயே திரும்ப ஒட்டுதேன், ஒட்டு மேல ஒட்டு. மத்த நாலு பேரு சைக்கிளும் அதே ரோட்டுல, அதே டயருல, பொட்டப்புள்ளையாட்டம் சாதுவாப் போவுது. ஜெயசிங்குன்னு செட்டுல ஒருத்தன், அவனுக்கு மட்டும் ஒரே ஒரு பஞ்சர். எனக்கு நாலு நாள்ல பதினொண்ணு.

வேம்பாருல எறங்கி டியூப எல்லாத்தையும் விரிச்சு வச்சுப் பாத்தேன் சார்வாள். வால்வுல இருந்து சரியா ஒரு சாண் தள்ளி, எல்லாம் ஒரே எடத்துல ஓட்ட. அச்சு வச்சாப்ல. ரோட்டுல கெடக்க முள்ளு இப்படிக் குறி பாத்துக் குத்துமா? எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சு போச்சு. டயர் பண்ணும்போதே அந்த எடத்துல கோளாறு. பத்துல ஒண்ணு ஊத்த டயரு. அந்த ஒண்ணு எப்படி எங்கிட்ட வந்துச்சு? எடுத்துக் குடுத்தது யாரு?

அதுல பாருங்க, அந்தாளு வந்து, 'சகல, டயர ஒரு தடவ நான் பாக்கட்டா'ன்னு கேக்காரு. பஞ்சு உருண்டையோட. நான் சொன்னேன், நீரு தடவி முடிக்கதுக்குள்ள கன்னியாகுமரியே நம்மளத் தேடி வந்துரும், பேசாம போரும்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சான். அந்தச் சமயத்துலயும் எனக்கு டைமிங் தப்பல பாத்துக்கிடுங்க.

தொடர்ந்து நாலு நாளு அஞ்சு பேரு சட்டி. கடக்கரை மணல அள்ளி அள்ளித் தேச்சேன். நாலாம் நாளு மணப்பாடு. மீன் ஏலம் நடக்குத எடம், ஒரு நாப்பது சனம் நிக்கி. நான் அறுவது கிலோ பாரத்தோட, காத்து எறங்குன சைக்கிளத் தள்ளிக்கிட்டு, நாக்குத் தள்ளி வந்து சேருதேன். சகல முன்னாலயே வந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு. என்னப் பாத்தாரு. கிளாஸ கீழ வச்சாரு. கண்ணாடிய ஏத்தி விட்டாரு. 'தள்ளிக்கிட்டு வாறதும் பயணந்தான் சகல.'

நாப்பது பேரு சிரிச்சாங்க. ஏலம் விட்டவன் ஏலத்த நிப்பாட்டிட்டுச் சிரிச்சான். எத்தன மேடை ஏறியிருப்பேன், எத்தன பேரச் சிரிக்க வச்சிருப்பேன். என்ன வச்சு ஊரு சிரிச்சது அன்னைக்குத்தான்.

அன்னைக்கே சைக்கிளப் பஸ்சு மேல ஏத்திட்டு வந்துட்டேன். எனக்கு முன்னால சேதி வந்து உக்காந்திருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம மாமியார் வீட்டுல சோறு. சாப்பிட்டு எந்திரிக்கேன். அந்தம்மா எம் பொஞ்சாதிட்டச் சொல்லுதா, 'சட்டி பானையெல்லாம் இவரு நல்லா வெளக்குவாராம்லா. சாரு சொன்னாரு.' எம் பொஞ்சாதி முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. எதுக்கு வச்சுக்கிட்டான்னு எனக்குத் தெரியாதா?

அன்னையோட சகலட்டப் பேச்ச நிப்பாட்டிட்டேன். ஒரு வருசம். ஒரே பந்தியில பக்கத்துப் பக்கத்து எலையில உக்காந்திருப்போம். ஊறுகா வேணும்னா எம் பொஞ்சாதிட்டச் சொல்லுவேன், அவ அக்காட்டச் சொல்லுவா, அக்கா அவருட்டச் சொல்லுவா. ஊறுகா வாறதுக்குள்ள மோருஞ்சோறு முடிஞ்சிரும். அந்த டயரு? அதக் கழத்திக் கொண்டாந்து இந்தா இந்த அண்ணன் முன்னால எறிஞ்சேன். எரிச்சிருங்க, இல்ல, அறுத்துச் செருப்புக்குப் போடுங்கன்னேன். அண்ணன் பேசாம எடுத்து ஆணியில மாட்டுனாரு. ஒரு வாரத்துல ஆணி காலி. அப்புறம் அது எங்க போச்சு, யாரு எடுத்தா, நான் கேக்கல. எரிச்சிருப்பாரு.

என்னண்ணே அந்த டியூபயே தண்ணிக்குள்ள முக்கி முக்கிப் பாக்கீரு? குமிழியே வரலல்லா. ஓட்டையில்லாத டியூப எத்தன தடவ பாப்பீரு?

இப்ப பழிக்கு வாறேன். கார்த்திக மாசம் எங்க செட்டு வாட்ஸப்புல சகல ஒரு சேதி போட்டிருந்தாரு. டயர் தேஞ்சிட்டு, இந்தத் தடவ வேற மாதிரி ஏதாவது போட்டுப் பாக்கலாமா, வெளியூர்ல அனுபவப்பட்டவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்கன்னு. நான் பாத்தேன். புதுசா ஒரு சிம்மு வாங்குனேன். ஜெயசிங்கு வழியா அந்த நம்பர அவருக்குப் போவ வச்சேன், உடுமலப்பேட்டைல ஒரு பெரிய ஆளு இருக்காருன்னு. அப்புறம் நானே முந்திக்கிட்டுப் போன் போட்டேன்.

'வணக்கமுங்க. நானுங்க, உடுமலப்பேட்ட வரதராசு பேசறேனுங்க. சைக்கிள்லயே இந்தியாவ மூணு சுத்து சுத்திப்போட்டனுங்க. தம்பி ஒருத்தரு சொன்னாரு, உங்களுக்கு டயருல ஏதோ சந்தேகமாமுங்க.'

எப்படி? லேசா மூக்குல இழுக்கணும், கடைசியில ஒரு சின்ன இருமல். அறுவத்தஞ்சு வயசு, காட்டிலாகா ரிட்டையர்டு. எல்லாம் நானே பண்ணுனது. எங்க அம்மா வந்து கேட்டாலும் பெத்த புள்ளன்னு கண்டுபிடிக்க மாட்டா.

அந்தாளு விழுந்துட்டாரு சார்வாள். நான் சொன்னேன், 'மணல்ல குண்டு டயரு உருண்டு உருண்டு நிக்குமுங்க. ஒல்லி டயருதானுங்க கத்தியாட்டம் அறுத்துட்டுப் போவும். இருபத்தெட்டு மில்லி போடுங்க, பட்டனே வேண்டாமுங்க, வழுவழுன்னு இருக்கோணும். காத்து நூறு பவுண்டு, கல்லாட்டம்.' முழுக்க முழுக்கத் தலைகீழு. பாரத்தோட ஜல்லியில போனா பத்து கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சரு, தேரியில போனா வளையம் வரைக்கும் பொதஞ்சிரும். பிளஸ் டூ பிசிக்ஸு என்ன சொன்னாரு தெரியுமா? 'நூறு பவுண்டா சார்?'னு ஒரு தடவ திருப்பிக் கேட்டாரு. அப்புறம், 'நான் இப்படி யோசிக்கவே இல்லியே சார். நாளைக்கும் கூப்பிடுவீங்களா?'

நாளைக்கும் கூப்பிட்டேன். பதினோரு பஞ்சரு, அதுக்குப் பதினோரு போன்னு மனசுல ஒரு வரிசை வச்சுக்கிட்டேன். டெய்லி நாலரை மணி, அவரு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். மொதல்ல டயரு. அப்புறம் அவரு பேச ஆரம்பிச்சிருவாரு. முட்டி வலி, மூத்தவளுக்கு வரன் அமையாதது, ரிட்டையர்டு ஆவ இன்னும் நாலு வருசந்தான்னு பயம். இருவது வருசமா சகல, எங்கிட்ட சொன்னதில்ல இதெல்லாம். ஏழாவது போன்ல சொல்லுதாரு, 'எனக்கு ஒரு சகல இருக்காரு சார். சைக்கிள்ல அவர மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல. ஒரு வருசமா என்கிட்டப் பேச மாட்டேங்காரு. அந்த ரோட்டுக்கு என்ன டயர் சார் போடணும்?'

எப்படி நடிக்கான் பாத்தீயளா. ஊத்த டயரப் பொறுக்கிக் குடுத்துட்டு, உடுமலப்பேட்டக்காரன்ட்ட நல்ல பேரு வாங்கப் பாக்கான். 'அதெல்லாம் நேரம் வந்தாச் சரியாயிருமுங்க. காத்து நூறு பவுண்டு, மறந்துறாதீங்க'ன்னேன்.

இன்னொரு கூத்து. கடைசி போன்ல எனக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு, முந்துன நா முழுக்க ஒரு சடங்கு வீட்டுல மைக்கு. அந்தாளு வைக்கப் போறதுக்கு முன்னால, 'தொண்டையப் பாத்துக்கிடுங்க சார். வெந்நில பனங்கல்கண்டு போட்டுக் குடிங்க. வீட்டுல கேட்டதாச் சொல்லுங்க'ங்காரு. யாரோ எவனோ உடுமலப்பேட்டக்காரன், அவன் தொண்ட மேல என்ன கரிசனம். அன்னைக்கே சிம்ம ஒடச்சுச் சாக்கடையில போட்டேன். ஒரு பத்து நாளு நாலரை மணியானா கை தானாப் போனத் தேடுச்சு. பழக்கதோசம், வேற என்ன.

அந்த டயரு இந்தக் கடையிலதான் மாட்டுனது. அண்ணன் ரெண்டு தடவ 'வேண்டாம் சார்'னாராம். சகல கேக்கலையாம். அண்ணன் வாயில இருந்து ஒரே நாள்ல நாலு வார்த்த, அதையும் கேக்காம மாட்டியிருக்காருன்னா வரதராசு வேல எப்படின்னு பாத்துக்கிடுங்க.

நான் இந்த வருசம் போவல. வீட்டுல உக்காந்து ஜெயசிங்கு போனுல நேரடி வருணன கேட்டேன். மொத நாளு ரெண்டு பஞ்சரு. மறுநா மூணு. மூணாம் நா மூணு. கண்ணுல தண்ணி வந்துட்டு சார்வாள், சந்தோசத்துல. ஒரு போட்டோ அனுப்புனான், இந்தா பாருங்க. பனியனோட குத்த வச்சு, முட்டி வலிய வச்சுக்கிட்டு, கரி பிடிச்ச சட்டியத் தேய்க்காரு. மூஞ்சியப் பாருங்க, சிரிக்கான். 'இத எடுத்து எல்லாருக்கும் அனுப்பு, முக்கியமா என் சகலைக்கு அனுப்பு'ன்னு அவரே சொன்னாராம். மானங்கெட்ட மனுசன். நான் தேய்க்கும்போது செத்துப் போயித் தேச்சேன், அந்தாளு பாயாசங் குடிச்சாப்ல இருக்காரு. அது மட்டுந்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன், சிரிப்பு சிரிப்பாத்தான் இருக்கு.

நாலாம் நாளு காயாமொழி தாண்டித் தேரி. செக்கச் செவேல்னு மணலு. எறக்கத்துல வந்திருக்காரு. முன் டயரு பொதஞ்சு நின்னுட்டு. பாரம் பின்னால இருந்து தூக்கி அடிச்சிருக்கு. கைய ஊண்டியிருக்காரு. மணிக்கட்டுல ரெண்டு எடத்துல முறிவு.

கை என் வரிசையில இல்ல. நான் கேட்டது சட்டி. இருந்தாலும் சட்டி கழுவுத கைதானேன்னு வையுங்க. எம் பொஞ்சாதி அழுதா. நான்தான் தண்ணி மோந்து குடுத்தேன். மூணு நாளா ஆஸ்பத்திரியில இருந்து அந்தாளு அவளுக்குப் போன் போட்டு, 'சகல இருக்காரா'ன்னு கேக்காராம். வெளிய போயிருக்காருன்னு சொல்லச் சொல்லிட்டேன். போனுல சொன்னா வீணாப் போயிரும் சார்வாள். நேர்ல சொல்லணும். அதுவும் நேரா இந்தக் கடைக்குத்தான் வாறாரு, சைக்கிள எறக்க. செட்டு ஆளு மூணு பேரும் கூட வாறான். எதுத்த டீக்கடையில எப்பவும் பத்து பேரு இருப்பான். நாப்பது தேறாது, போதும்.

எப்படிச் சொல்லப் போறேன்னு பாருங்க. கதவத் தொறப்பாரு. ஒரு கைல கட்டு, அதனால மெதுவாத்தான் எறங்க முடியும். வலது கால ஊண்டுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டுல சொன்னா அவசரம், நாலுல சொன்னா ஆறிப் போவும். மூணுல, அவரு கொரல்லயே, இல்லாத கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு. 'வண்டியில ஏறிக்கிட்டு வாறதும் பயணந்தான் சகல.' எப்படி? அவரு மாதிரியே இருக்கா? நூறு தடவ சொல்லிப் பாத்திருக்கேன், குளிக்கும்போது.

அண்ணே, ஸ்பானர எதுக்குக் கீழ போட்டீரு? கால்ல விழப் பாத்துச்சு. என்ன அப்படிப் பாக்கீரு? பாருங்க சார்வாள், இவருக்கு இன்னைக்கு என்னமோ ஆயிட்டு.

அந்தா ஹாரன். அந்தா திரும்புது பாருங்க, வெள்ள வண்டி. பின்னால சைக்கிளு தெரியுதா, வளையம் எப்படிக் கோணியிருக்கு. எந்திரிங்க, எந்திரிங்க, ஸ்டூல ஓரமாப் போடுங்க, அவரு என்ன நேரா பாக்கணும். நின்னுட்டு. கதவத் தொறக்காரு. மெலிஞ்சிட்டாரு. என்னப் பாத்துட்டாரு, அந்தா சிரிக்காரு, இப்பவும் சிரிக்கான் பாருங்க. கால நீட்டுதாரு. அண்ணே, கைய விடும். லூர்தண்ணே, எதுக்கு என் கையப் பிடிச்சு இழுக்கீரு, இந்த நேரத்துல? ஊண்டிட்டாரு. ஒண்ணு. ரெண்டு.

"சும்மா இரும் சண்முகக்கனி. அந்த டயருல ஒரு கோளாறும் கெடையாது. உள்ள ஒத்த ஒடமுள்ளு, நுனி மட்டும் ஒடஞ்சு நின்னுச்சு. நீரு ஒரு தடவயாவது உள்ள கைய விட்டுப் பாத்தீரா? பதினொண்ணும் அந்த ஒரே முள்ளு. இந்த ஸ்டூல்ல உக்காந்து சாருதான் பஞ்ச வச்சுத் தடவி, பஞ்சு மாட்டுன எடத்துல இருந்து எடுத்தாரு, உம்மகிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு. ஒரு வருசம் அந்த டயருலதான் பள்ளிக்கூடம் போனாரு. போன்ல பேசுனது நீருதான்னும் அவருக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சுமா சார் இந்தக் கழிசட டயர மாட்டச் சொல்லுதீயன்னு கேட்டேன். 'நாலு நாளு நானும் சட்டி கழுவுனா அவரு மனசு ஆறிரும் லூர்து. வேற ஆளு கொரல்லயாவது எங்கிட்டப் பேசுதாருல்லா'ன்னாரு."